எழுத்தில் ஒரு ‘முடியாது’

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பார்த்து ‘முடியாது’ என்று சொல்வதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரை இரவல் கேட்டால், கொடுக்க மனமில்லாதபோதும், “பாக்கலாம், அதுக்கு ஆயில் மாத்த வேண்டியிருக்கு” என்போம். சர்ச் விருந்தில் யாரோ செய்துகொண்டுவந்த பச்சை ஜெல்லி வாயில் வைக்க வழங்காவிட்டால், “இது வித்தியாசமா இருக்கே” என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வோம். கேட்டவருக்கும் விஷயம் புரிந்துவிடும். இதை நாசூக்கு என்று நினைத்து நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. அந்த நாசூக்கு எங்கள் ஊர் கிளினிக்கை இழுத்து மூடப் பார்த்தது.

எங்கள் ஊரான ஓட்டிஸ் ஃபோர்க்கில் கிளினிக் இருப்பது பழைய பாங்க் கட்டடத்தில். பணம் வைத்திருந்த இரும்பு அறையில் இப்போது தடுப்பூசிகள் இருக்கின்றன. அதை நடத்துபவள் மார்லிஸ் குசேரா. டாக்டர் இல்லை, நர்ஸ். ஆனால் நோயைக் கண்டு சொல்லவும் மருந்து எழுதிக் கொடுக்கவும் மேற்படிப்புப் படித்துத் தேறிய நர்ஸ். முப்பத்துமூன்று வயதில், ஆஸ்பத்திரி வேலையையும் விடாமல், வாரம் இரண்டு நாள் நூற்றுநாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போய்ப் படித்தாள். பாடங்களைத் தன் குரலிலேயே கேசட்டில் பதிந்து வண்டியில் போட்டுக் கேட்பாள். சிறுநீரகத்தைப் பற்றிய கேசட்டில் நடுவே அவளுடைய நாய் குரைப்பது கேட்கும். நாய் எந்த இடத்தில் குரைத்தது என்பதை வைத்தே ஒரு பரீட்சைக் கேள்விக்குப் பதில் எழுதினாளாம்.

எதற்கு இவ்வளவு பாடு என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அறுபத்தெட்டு மைல். மாரடைப்பு வந்த அவளுடைய அப்பாவுக்கு நாற்பத்தோராவது மைலில் உயிர் போயிற்று. வண்டியை ஓட்டியது மார்லிஸ்தான்.

பத்தொன்பது வருஷமாக கிளினிக் நடந்தது. ஆனால் சட்டப்படி அவள் தனியாக நடத்தவில்லை. நகரத்தில் டாக்டர் பெல்டியர் என்பவர் காகிதத்தில் அவளுக்கு மேற்பார்வையாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது ஃபைல்களில் கையெழுத்துப் போடுவார், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிடுவார், போய்விடுவார். நல்ல மனிதர். சிகிச்சையில் தவறு நேர்ந்ததாக யாராவது வழக்குப் போட்டால் ஈடு கொடுக்கும் இன்சூரன்ஸ் அவர் பெயரில் இருந்தது. அந்தக் குடைக்குள் அவளும் இருந்தாள். இந்த வருஷம் ஜூன் முப்பதாம் தேதியோடு அவர் ஓய்வு பெற்று அரிசோனா வெயிலுக்குக் குடிபோவதாக மார்ச்சில் சொன்னார்.

மார்லிஸ் அதற்காகக் கலங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே மாநிலத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. அவளைப் போலப் படித்தவர்கள் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தாங்களே கிளினிக் நடத்தலாம். ஒரே ஒரு நிபந்தனை, இன்சூரன்ஸ் அவரவர் பெயரில் இருக்க வேண்டும். இல்லாமல் ஒரு நோயாளியைத் தொட்டாலும் உரிமம் போய்விடும். சட்டம் போட்டவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்சூரன்ஸை யார் விற்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாநிலத்தில் அதை விற்பவை இரண்டே கம்பெனிகள். முதல் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்ட எட்டாம் நாள், கிழக்குக் கரையில் இருக்கும் தலைமையகத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. ‘தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணம்: தனியாள் கிளினிக், அருகில் ஆஸ்பத்திரி இல்லை.’ மார்லிஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு ‘வருந்துகிறோம்’ கூட இல்லை. கசக்கிக் குப்பையில் போட்டாள். வரவேற்பு மேசையில் இருக்கும் ட்வைலா அதை எடுத்து நீவி ஃபைலில் வைத்தாள். ட்வைலா எதையும் தூக்கிப் போட மாட்டாள், முன்னாள் கணவனைத் தவிர.

“விடு, மார்லிஸ். அதான் வெண்டல் இருக்கானே” என்றாள்.

வெண்டல் ஹாஃப் எங்கள் ஊர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆலங்கட்டி மழைக்குக் கோதுமை, தீக்குக் களஞ்சியம், மான் வந்து மோதினால் வண்டி என்று ஊரில் உள்ள அத்தனையும் அவனிடம்தான். இரண்டாவது கம்பெனிக்கும் அவனே ஏஜென்ட். மார்லிஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி கேரலுடைய மார்பில் பட்டாணி அளவு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து, அன்றைக்கே தன் வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள் மார்லிஸ். கேரல் இன்றைக்கும் சர்ச் கோரஸில் எல்லோரையும் அமுக்கிப் பாடிக்கொண்டிருக்கிறாள்.

அவன் மூலம் இரண்டாவது விண்ணப்பம் போட்டாள். ஏப்ரலில் கேட்டபோது, “போயிட்டிருக்கு, மார்லிஸ்” என்றான். மே மாதம், “பாத்துட்டிருக்காங்க” என்றான். ஜூன் வந்தது. கால் புண்ணுக்கு வாராவாரம் கட்டுப் போட வரும் சர்க்கரைக்காரர்கள், “ஜூலைல எந்தக் கிழமை வரட்டும்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். மார்லிஸ், “பாக்கலாம்” என்றாள். பத்தொன்பது வருஷத்தில் எந்த நோயாளிக்கும் அவள் அப்படிப் பதில் சொன்னதில்லை. கேட்டவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் ட்வைலா கூட்டுறவுக் கடையிலிருந்து புயலாக வந்தாள். “உன் வெண்டல் இப்ப காபி குடிக்கிற மேசையையே மாத்திட்டான், தெரியுமா? என்னப் பாத்ததும் தொப்பிய இறக்கிக்கிட்டு உரமூட்டைப் பக்கம் போறான். அவனுக்குத் தோட்டமே கிடையாது, உரம் எதுக்கு? எனக்கென்னவோ கம்பெனி எப்பவோ கையை விரிச்சாச்சு. இவன்தான் முழுங்கிட்டு நிக்கிறான்.”

மார்லிஸ் நேராக வெண்டல் அலுவலகத்துக்குப் போனாள். அவன் எழுந்து காபி ஊற்றினான்.

“வெண்டல், நேராச் சொல்லு. கம்பெனி என்ன சொல்லிச்சு?”

“பாத்துட்டுதான்…”

“வெண்டல்.”

அவன் ஸ்டேப்ளரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்த்தி வைத்தான். “ஏப்ரல்லயே ஃபோன் பண்ணாங்க.”

“என்னன்னு?”

“அவ்வளவு உற்சாகமா இல்லன்னு.”

பத்து வாரம். வேறு வழி தேடியிருக்கக்கூடிய பத்து வாரத்தை இவன் காபியில் கரைத்துக் குடித்துவிட்டான். மார்லிஸுக்குக் கோபத்தில் காது சுட்டது. மேசையில் இருந்த அத்தனையையும் வாரி வீச வேண்டும் போல இருந்தது. ஆனால் அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே. “காபிக்குத் தேங்க்ஸ்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்து அழுதாள். காபியை அவள் தொடவே இல்லை.

வழியைக் கண்டுபிடித்தது ட்வைலா. அந்தச் சட்டத்தின் இருபத்திரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, மதியச் சாப்பாட்டு வேளைகளில் கடுகுச் சாஸ் கறை படியப் படியப் படித்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது அது. எங்கேயும் இன்சூரன்ஸ் கிடைக்காதவர்களுக்கு மாநிலமே நடத்தும் பொது நிதி ஒன்று காப்பு கொடுத்தாக வேண்டும். மனுப் போடுகிறவர், தன்னை எல்லாக் கம்பெனிகளும் மறுத்துவிட்டதை எழுத்துமூலம், காரணத்தோடு காட்ட வேண்டும்.

மார்லிஸ் தலைநகரத்துக்கு ஃபோன் போட்டாள். பொது நிதி அலுவலகத்தில் ரெனாட்டா பிளாஸ் என்ற அம்மாள் எடுத்தார். கறார் குரல்.

“குழு இருபத்திநாலாம் தேதி கூடுது. இருபதாம் தேதிக்குள்ள ரெண்டு கம்பெனி மறுப்புக் கடிதமும் எங்கிட்ட இருக்கணும். இருக்கா?”

“ஒண்ணு இருக்கு, மேடம். கொஞ்சம் கசங்கிப் போச்சு.”

“கசங்கினா பரவாயில்ல. இன்னொண்ணு?”

“அவங்க ஃபோன்லதான் சொன்னாங்க.”

“அப்படித்தான் சொல்வாங்க. எழுத்துல மறுத்தா மாநிலத்துக்குக் கணக்குக் காட்டணும்ல? அதனால ‘பரிசீலனையில இருக்கு’ன்னு காலத்துக்கும் தொங்க விடுவாங்க. ஏஜென்ட்டுக்குக் கையெழுத்துப் போடுற அதிகாரம் உண்டு. அவர எழுதச் சொல்லுங்க. எனக்கு ஒரே ஒரு ‘முடியாது’ வேணும், அவ்வளவுதான்.”

எங்கள் மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காத பொருளைத்தான் அந்த அம்மாள் கேட்டார்.

வெண்டல் உடனே ஒப்புக்கொண்டான். குற்ற உணர்ச்சி வேறு. அன்றைக்கே கடிதம் எழுதி அனுப்பினான். மறுநாள் ரெனாட்டா ஃபோன் செய்தார்.

“மிஸஸ் குசேரா, இத வாசிக்கிறேன் கேளுங்க. ‘எங்கள் பெருமதிப்புக்குரிய மார்லிஸ் அவர்களுக்குத் தற்போதைய சூழ்நிலையில் உதவ இயலுமா என்பதில் எங்களுக்குச் சற்றே தயக்கம் இருப்பதை, மிகுந்த அன்புடன்…’ இது மறுப்பா? பிறந்தநாள் வாழ்த்து மாதிரி இருக்கு.”

வெண்டல் இரண்டாவது கடிதம் எழுதினான். அதில் ஒரு ‘ஒருவேளை’யும் இரண்டு ‘இப்போதைக்கு’களும் இருந்தன. அதுவும் திரும்பி வந்தது. தேதி பதினெட்டு.

பத்தொன்பதாம் தேதி காலை மார்லிஸ் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வெண்டலின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் காபிக்கு எழுந்தான்.

“உக்காரு. காபி வேண்டாம்.”

அவன் உட்கார்ந்துவிட்டான். காபி வேண்டாம் என்று ஒருத்தி சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“என்ன மறுத்து எழுது, வெண்டல்.”

“எழுத வரல, மார்லிஸ். உக்காந்தா கேரல் ஞாபகம் வருது. அன்னிக்கு நீ ‘வண்டில ஏறு’ன்னு சொன்ன பாரு, அது ஞாபகம் வருது. உனக்கு எந்தக் கையால ‘முடியாது’ன்னு எழுதறது?”

“இந்தக் கையாலதான்! நல்லவனா இருந்தது போதும், வெண்டல். நீ நல்லவனா இருந்து இருந்து என்ன நடுத்தெருவுல நிறுத்திட்ட!” அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். ஸ்டேப்ளர் துள்ளியது. “மொதல்ல வாயால சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.”

“கொஞ்சம் கஷ்டம்…”

“அது இல்ல.”

“எங்களால ஆகாது போலத்தான்…”

“போல இல்ல!”

வெண்டல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். “முடியாது” என்றான். சொல்லிவிட்டு, ஏதாவது இடிந்து விழுந்ததா என்று பார்ப்பவனைப் போல மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

“சரி. இப்ப காரணம். ஃபோன்ல கம்பெனி என்னென்ன சொன்னாங்களோ, ஒண்ணு விடாம.”

அவன் இரண்டு விரலால் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். ஒவ்வொன்றையும் சரிதானா என்று அவளிடம் கேட்டுக்கொண்டான். தனியாக வேலை பார்க்கிறாள், சரி. ஆஸ்பத்திரி அறுபத்தெட்டு மைல், சரி. நோயாளிகள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம்.

“ஆயிரத்து நூத்துநாப்பது” என்றாள்.

பிரசவம் பார்ப்பது அவள் வேலை இல்லை, ஆனாலும் பனியில் சாலை மூடியபோது பார்த்திருக்கிறாள். எத்தனை?

“பதினொண்ணு. பன்னெண்டாவது என் வண்டியிலேயே, ஆஸ்பத்திரி வாசல்ல. அத ஆஸ்பத்திரி கணக்குல சேத்துரு.”

படுக்கையோடு கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறாள். எந்த இன்சூரன்ஸும் இல்லாதவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை. அவசரத்துக்கு இருக்கிற ஒரே ஆம்புலன்ஸைத் தொண்டர்கள் ஓட்டுகிறார்கள், அவர்களில் மூத்தவருக்கு எழுபத்தொன்று.

“அப்படிப் போட்டா ஹெர்ப் வருத்தப்படுவாரு” என்றான் வெண்டல்.

“போடு.”

பிறகு அவன் அவளிடம் ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் தட்டினான். அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை அவளிடம் நீட்டினான். மார்லிஸ் வாசித்தாள். ‘மறுப்பதற்கான காரணங்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே அவளுடைய பத்தொன்பது வருஷமும் வரிசையாக இருந்தது. இந்த ஊரில் யாரும் அவளிடம் இதையெல்லாம் சேர்த்துச் சொன்னதில்லை, நன்றி சொல்லக்கூட. கடிதம் இப்படி முடிந்தது, அதில் கடைசி இரண்டு வரி கம்பெனி சொன்னதல்ல. ‘எனவே எங்கள் கம்பெனி இவருக்குக் காப்பு வழங்க மறுக்கிறது. இவர் இல்லாவிட்டால் இந்த ஆபத்துகளில் ஒன்றுகூடக் குறையாது. எங்கள் கணக்கிலிருந்து மட்டும் அவை காணாமற்போகும்.’

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் கடைசி வரி…”

“அதுவும் காரணந்தான்” என்றான் வெண்டல், சுவரைப் பார்த்துக்கொண்டு.

இருபத்திநாலாம் தேதி மூன்று மணிக்கு ஃபோன் வந்தது. மார்லிஸ் யாருடைய காதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ட்வைலா கதவைத் தட்டாமலே தலையை நீட்டி, “கிடைச்சிருச்சு!” என்று கத்தினாள். குழு ஒருமனதாகச் சரி என்றதாம். ஜூலை ஒன்றிலிருந்து காப்பு, பத்திரம் வெள்ளிக்கிழமை தயாராகும். கத்தலில் காதுக்காரருக்கு அடைப்பு விட்டுப்போனதாக ஊரில் ஒரு பேச்சு. ட்வைலா ஜூலை மாத அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காக ஃபோன் போட ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை காலை ரெனாட்டா மறுபடி கூப்பிட்டார். கறார் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“உங்ககிட்ட மறைக்க விரும்பல, மிஸஸ் குசேரா. அந்தக் கடிதத்தோட நகல் கம்பெனி தலைமைக்குப் போயிருக்கு. அந்தக் கடைசி வரியால அங்க ஒரே கொதிப்பு. கடிதத்த வாபஸ் வாங்கிட்டு, ‘பரிசீலனையில இருக்கு’ன்னு வேற கடிதம் கொடுக்கச் சொல்லி ஏஜென்ட்ட நெருக்கறாங்களாம். அவர் வாபஸ் வாங்கிட்டா மறுப்பு இல்ல. மறுப்பு இல்லன்னா நான் பத்திரம் கொடுக்க முடியாது. சட்டம் அப்படி.”

“எப்ப தெரியும்?”

“இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன்.”

மார்லிஸ் ஃபோனை வைத்தாள். பக்கத்தில் நின்று கேட்டிருந்த ட்வைலா முகம் வெளுத்திருந்தது. “வெண்டலா?” என்றாள். “அடக் கடவுளே. சாரணப் பசங்க பாப்கார்ன் விக்க வந்தா ரெண்டு தடவ வாங்கறவன் அவன். கம்பெனிக்காரன் ஒரு அதட்டு போட்டா எத வேணும்னாலும் எழுதிக் கொடுத்துருவானே!”

மார்லிஸும் அதையேதான் நினைத்தாள். அவனைக் குறை சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஏஜென்சிதான் அவனுக்குச் சோறு போடுகிறது. கேரலின் மாத்திரைகளும் அதிலிருந்துதான். ஒரு வரிக்காக அவன் எதற்கு அதைப் பணயம் வைக்க வேண்டும்? இரண்டு தெரு தள்ளியிருந்த அலுவலகத்துக்கு அவள் நடந்தே போனாள். கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் போனதில் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் இரண்டு பேர் கையை உயர்த்தினார்கள். அவள் பார்க்கவில்லை.

வெண்டல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். சட்டை அக்குள் இரண்டும் நனைந்திருந்தன. அவளைப் பார்த்ததும் காபிப் பாத்திரத்தை நோக்கி ஓர் அடி வைத்தான், பிறகு நின்றுவிட்டான்.

“கூப்பிட்டாங்களா?” என்றாள்.

“மூணு தடவ. கடைசியா கம்பெனித் துணைத் தலைவரே லைன்ல வந்தாரு. ரொம்ப நல்ல மனுஷன், மார்லிஸ். என் பேரச் சொல்லித்தான் பேசினாரு. கோதுமை எப்படின்னு கேட்டாரு.”

நல்ல மனிதர்களிடம் வெண்டல் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும்.

“கடிதத்த வாபஸ் வாங்குன்னாரா?”

“ஆமா. அத எடுத்துட்டு வேற ஒண்ணு அனுப்பினா எல்லாருக்கும் நல்லதுன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான்.

“முடியாதுன்னேன்.”

மார்லிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“ஃபோன்லயா?”

“ஃபோன்ல மொதல்ல” என்றான் வெண்டல். “அப்புறம் எழுத்துலயும் அனுப்பிட்டேன். அந்த ரெனாட்டா அம்மாவுக்கு ஒரு நகல்.”